நாய்க்குட்டியின் பக்கத்தில் அரளியா?

"எங்கள் வீட்டு நாய்" என்று சித்திரப் போட்டிக்குத் தலைப்புக் கொடுத்தால், நம்மில் பலர் நாயின் பக்கத்தில் அரளிச் செடியைத்தான் தீட்டுகிறோம். தினமும் கண்ணில் படுவது அதுதானே! மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் செவ்வரளி வந்திறங்குகிறது. நெடுஞ்சாலையின் நடுவிலும் அதுவே பூத்து நிற்கிறது. ஆடுமாடுகள் அதில் வாய் வைப்பதில்லை. ஏன்? இலை, பூ, வேர், காய்ந்த சருகு எல்லாமே விஷம். இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். ஆடு அறிந்ததைப் பல் முளைக்கும் நாய்க்குட்டி அறியாது. எங்கள் தெருவில் சென்ற கோடையில் ஒரு குட்டி அதைக் கடித்துவிட்டு, மாலைக்குள் போய்விட்டது.

படம்தானே என்பார்கள் சிலர். கீழ் வகுப்புத் தங்கைகள் நம் படத்தைப் பார்த்துத்தான் வரைகிறார்கள். வீட்டிலும் அந்தச் செடியையே நடச் சொல்கிறார்கள்.

ஆகவே மல்லிகையையும் ரோஜாவையும் வரையலாம் என்கிறோம். இரண்டும் நாய்க்குத் தீங்கற்றவை. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் மதுரை மல்லி இருக்க வேறு பூ எதற்கு? நந்தியாவட்டையை மல்லிகையென்று எண்ணி ஏமாந்துவிடக் கூடாது. ஒடித்தால் பால் வடியும்; அதுவும் அரளிக் குடும்பமே.

நாயும் நம் பக்கத்து நாயாகவே இருக்கட்டும். 2005-ல் தபால் தலையில் இடம்பெற்ற இராஜபாளையம் நாய் வெள்ளை நிறம். மூக்கு மட்டும் இளஞ்சிவப்பு. வெள்ளைத் தாளில் வெள்ளை நாயும் வெள்ளைப் பூவும் எப்படித் தெரியும் என்று தோழியர் கேட்கிறார்கள். மல்லிகை இலையின் கரும்பச்சையைப் பின்னால் முதலில் தீட்டிவிட்டால், நாய் தானே எழுந்து நிற்கும்.