கப்பலேறியவர்கள் எல்லோரும் கரை சேரவில்லை

பிரிட்டனில் விலைவாசி ஏறும்போதெல்லாம் ஒரு பேச்சு கிளம்பும்: "துணிந்தவன் ஆஸ்திரேலியா போய்ப் பிழைத்துக்கொண்டான், தயங்கியவன் இங்கேயே கிடந்து மூழ்குகிறான்." சான்றாகக் காட்டுவது, இரண்டாம் உலகப் போருக்குப் பின் கப்பலேறிய 'பத்துப் பவுண்டுக்காரர்'களை. இந்தப் பேச்சில் பாதி தவறு, மீதி அநீதி.

துணிச்சல் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் 1947-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பெரியவர் ஒருவர் கட்டியது பத்தே பவுண்டு. மீதிக் கட்டணத்தை அரசுகள் ஏற்றன. ஜப்பான் படையெடுக்குமோ என்று போர்க்காலத்தில் நடுங்கிய ஆஸ்திரேலியா, மக்கள்தொகை பெருகாவிட்டால் அழிவுதான் என்று நம்பியது. குடியேற்ற அமைச்சர் ஆர்தர் கால்வெல் முதலில் தேடியது பிரிட்டன்காரர்களைத்தான். ஆசியர்களுக்கோ 'வெள்ளை ஆஸ்திரேலியா' கொள்கை கதவைச் சாத்தியிருந்தது. இலங்கையிலிருந்து பறங்கியர் போனார்கள், தங்கள் ஐரோப்பிய வம்சாவளியை மெய்ப்பித்த பிறகு. அவர்களுடைய பக்கத்து வீட்டுத் தமிழருக்கும் சிங்களவருக்கும் எத்தனை துணிச்சல் இருந்து என்ன பயன்? அந்தக் கொள்கையின் மிச்சத்தைப் பிரதமர் விட்லமின் அரசு துடைத்தது 1973-இல்தான். நிறத்துக்குக் கிடைத்த சலுகைக்குத் துணிச்சல் என்று பெயர் சூட்டுவது, வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்களை இரண்டாம் முறை அவமதிப்பது.

போனவர்கள் எல்லோரும் செழித்தார்களா? பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். ஏறத்தாழ நாலில் ஒருவர் திரும்பிவிட்டார். இரண்டு ஆண்டுக்குள் திரும்பினால் வந்த செலவை அரசுக்குக் கட்டி, போகும் செலவையும் தாமே ஏற்க வேண்டும். அதனால் வளைந்த தகரக் கூரை விடுதிகளில் நாளெண்ணிக் கிடந்த குடும்பங்கள் உண்டு. திரும்பியவர்களிலும் பலர் ஊரில் மனம் ஒட்டாமல் மறுபடி ஆஸ்திரேலியாவுக்கே கப்பலேறினார்கள். இவர்களை வென்றவர் கணக்கில் எழுதுவதா, தோற்றவர் கணக்கிலா? வேல்ஸில் பிறந்து 1966-இல் சிறுமியாக அடிலெய்டு வந்த ஜூலியா கில்லார்ட் 2010-இல் பிரதமரானார். உண்மை. ஆனால் 1958-இல் குவீன்ஸ்லாந்து போன 'பீ ஜீஸ்' இசைக்குழுச் சகோதரர்களுக்கு உலகப் புகழ் வந்தது 1967-இல் இங்கிலாந்து திரும்பிய பிறகு.

ஆஸ்திரேலியரின் குணமே வளத்துக்குக் காரணம் என்பாரும் உண்டு. 1991 முதல் 2020 வரை அந்த நாடு பொருளாதார மந்தநிலையைக் காணாததில் இரும்புத் தாதுக்கும் நிலக்கரிக்கும், அவற்றை வாங்கிக் குவித்த சீனாவுக்கும் பெரும் பங்கு உண்டு. நிலத்தடியில் கிடந்ததை மனிதரின் குணத்தில் ஏற்றிச் சொல்லக் கூடாது.

போனவர்களின் கணக்குகளில் எனக்கு மிகவும் வலிப்பது பென்ஷன். ஆயுள் முழுக்கப் பிரிட்டனில் உழைத்து, தேசியக் காப்பீட்டுச் சந்தா கட்டிய ஒருவர் முதுமையில் பிள்ளைகளைத் தேடி மெல்போர்ன் போகிறார். அங்கேயே தங்கிவிட்டால் அவருடைய அரசு பென்ஷன் அன்றைய தொகையிலேயே உறைந்துவிடுகிறது. அமெரிக்காவில் இருந்தால் ஆண்டுதோறும் உயரும். பிலிப்பைன்ஸில் இருந்தாலும் உயரும். ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து என்றால் உயராது. இதை எதிர்த்து 2001-இல் ஆஸ்திரேலியா, பிரிட்டனோடு இருந்த சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தத்தையே முறித்தது. லண்டன் அசையவில்லை. 65 வயதில் ஆஸ்திரேலியாவில் முதல் பென்ஷன் வாங்கியவர், 90 வயதிலும் அதே பவுண்டுகளைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்.