குட்டை என்னுடையது, மழை யாருடையது?

ஆசிரமத்துப் பக்கம் குடியிருந்துகொண்டு மீனைப் பற்றி எழுதுகிறேனே என்று முகம் சுளிக்காதீர்கள். இது சமையல் குறிப்பு அல்ல, நான் செய்த தவறு.

செங்கம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி எனக்குக் கொஞ்சம் நிலமும், பத்து சென்ட் குட்டையும் உண்டு. ஓய்வுபெற்ற பிறகு பொழுதுபோக்காகக் கட்லா, ரோகு வளர்த்தேன். ஒருநாள் வண்டியில் குஞ்சு விற்க வந்தவர், "கெளுத்தி சார். தண்ணி வத்தினாலும் சாகாது, எதைப் போட்டாலும் தின்னும்" என்றார். இருநூறு குஞ்சுகள் வாங்கி விட்டேன்.

அவர் சொன்னது உண்மைதான். எதைப் போட்டாலும் தின்றது. போடாததையும் தின்றது. சில மாதங்களில் கட்லாக் குஞ்சு ஒன்றில்லை, தவளைச் சத்தமும் நின்றுபோனது. ஊரிலிருந்து வந்த மைத்துனன் பார்த்துவிட்டு, "மாமா, இது நம்ம நாட்டுத் தேளி இல்லை, ஆப்பிரிக்கக் கெளுத்தி. இதை வளர்க்கக் கூடாதுன்னு 2000-லேயே மத்திய அரசு தடை போட்டாச்சு" என்றான். கோடையில் குட்டையை வற்ற வைத்துப் பிடித்துவிடலாம் என்று தள்ளிப்போட்டேன்.

கோடைக்கு முன்னால் மழை வந்தது. 2024 டிசம்பர் முதல் தேதி, மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு பேர் உயிர்போன அதே மழை. அந்தத் துயரத்துக்கு முன்னால் என் குட்டை ஒரு பொருட்டில்லை. ஆனாலும் அன்றிரவு அது கரை மீறி வழிந்தது. இந்த மீன் காற்றையும் சுவாசிக்கும், ஈரத்தரையில் ஊர்ந்தும் போகும். என் குட்டையிலிருந்து எத்தனை தப்பின, எந்த ஏரியில் போய்ச் சேர்ந்தன என்பது எனக்குத் தெரியாது. விரால், நாட்டுக் கெளுத்தி இவற்றின் குஞ்சுகளுக்கு யார் பதில் சொல்வது?

"என் குட்டை, என் மீன், யார் கேட்பது?" என்பவர்களுக்கு என் பதில் இதுதான். பட்டா கரையோடு முடிந்துவிடுகிறது, தண்ணீர் முடிவதில்லை.

அடுத்த சித்திரையில் குட்டையை இறைத்து, சேற்றைக் கிளறி, அகப்பட்டதையெல்லாம் பிடித்துச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். மிச்சம் தேங்கிய தண்ணீருக்கு இலுப்பைப் பிண்ணாக்கு. ஏக்கர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு ஆயிரம் கிலோ என்பது கணக்கு. அதன் நஞ்சு இறங்க மூன்று வாரம் காத்திருக்க வேண்டும், பிறகு அதுவே உரமாகிவிடும். இப்போது கரையை உயர்த்தி, வடிகாலில் வலையும் கட்டியிருக்கிறேன்.

குட்டை வைத்திருப்பவர்களே, குஞ்சு வாங்குமுன் என்ன மீன் என்று கேளுங்கள். தெரியாமல் வாங்கிவிட்டால், பாவம் என்று ஏரியிலோ கோயில் குளத்திலோ விடாதீர்கள். அதில் புண்ணியம் இல்லை.

தவளைகள் திரும்பிவிட்டன. ராத்திரி தூக்கம் கெடுகிறது. கெடட்டும்.