இருட்டில் தடுமாறும் தேனீ

தேனீயின் கண் வெயிலுக்கென்றே அமைந்தது. வேலைக்காரத் தேனீயின் இரு கூட்டுக்கண்களில் ஒவ்வொன்றிலும் 5,000-க்கும் மேற்பட்ட சிறுகண்கள் உள்ளன. ஒவ்வொரு சிறுகண்ணுக்கும் தனி வில்லை. அதன் அகலம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் 50-ல் ஒரு பங்குதான். பக்கத்துச் சிறுகண்ணின் ஒளி இதற்குள் கசியாதபடி நிறமிச் சுவர் மறிக்கிறது. எனவே அந்தத் துளி வில்லை வழியே எவ்வளவு ஒளி வருகிறதோ, அதை வைத்தே ஒவ்வொரு சிறுகண்ணும் காலம் தள்ள வேண்டும். பகலில் இந்த ஏற்பாடு அருமையாக வேலை செய்கிறது. இருட்டியதும் இதுவே வினையாகிறது. இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகள் பலவற்றின் கண்களில் நிறையச் சிறுகண்களின் வில்லைகள் சேர்ந்து ஒரே இடத்தில் ஒளியைக் குவிக்கும்; தேனீக்கு அந்த வசதி இல்லை.

முழுநிலவின் ஒளி வெயிலைவிடச் சுமார் 4 லட்சம் மடங்கு குறைவு. அந்த மங்கலில் சிறுகண்ணுக்கு வந்து சேரும் கொஞ்ச ஒளியைக் கொண்டு எது கிளை, எது வெட்டவெளி என்று பிரித்தறிவது கடினம். பறப்பதற்கோ அது கட்டாயம் தெரிந்தாக வேண்டும். தரையும் செடிகொடிகளும் கண்முன்னே எவ்வளவு விரைவாகப் பின்னோக்கி நகர்கின்றன என்பதை வைத்தே தேனீ தன் வேகத்தை அளக்கிறது. குறுகிய வழியில் இரு பக்கச் சுவர்களும் ஒரே வேகத்தில் நகரும்படி பார்த்துக்கொண்டு அது நடுவே செல்வதை, ஆஸ்திரேலியாவில் ஆய்வு செய்த மாண்டியம் ஸ்ரீனிவாசனும் அவர் குழுவினரும் காட்டினர். அந்தக் காட்சியோட்டம் அற்றுப்போனால் வேகமும் தெரியாது, உயரமும் தெரியாது. விளக்கெரியும் அறையில் பறக்கும் தேனீ, விளக்கை அணைத்ததும் தரையில் இறங்கி ஊரத் தொடங்குவது இதனால்தான்.

திசை காட்டும் சூரியனும் இரவில் இல்லை. குளிர் இன்னொரு தடை. பறக்கும் தசைகள் சுமார் 30 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறியிருக்க வேண்டும். ஆனால் புழுக்கமான கோடை இரவிலும் பெட்டித் தேனீக்கள் வெளியே போவதில்லை. முதல் காரணம் கண்தான் என்று துணிந்து சொல்லலாம்.

தேனீ வளர்ப்பவர்களுக்கு இது கைவந்த பாடம். பெட்டிகளை இடம் மாற்ற அவர்கள் இரவைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், வெளியே போன தேனீக்களெல்லாம் அந்தியில் திரும்பிவிடும் என்பதே. அதே இரவில் பெட்டியைத் திறப்பதோ ஆபத்து: கலைந்த தேனீக்கள் பறந்து விலகாமல் கையிலும் சட்டையிலும் ஏறிக் கொட்டும். சிவப்பு அவற்றுக்கு ஏறக்குறைய தெரியாத நிறம் என்பதால், அவசரத்துக்குச் சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச் உதவும்.

மலேசியாவில் துவாலாங் மரங்களில் மலைத்தேன் எடுப்பவர்கள் நிலவில்லாத இரவில் ஏறுகிறார்கள். தீப்பந்தத்தைக் கூட்டின் மேலே கிளையில் தட்டியதும் தணல் பொறிகள் கொட்டும். சினந்த தேனீக்கள் அந்தப் பொறிகளையே துரத்தித் தரைக்குப் போய்விடும்; மேலே இருப்பவர் கண்ணுக்குப் படுவதில்லை. வீட்டு வாசல் விளக்கை மலைத்தேனீக்கள் மொய்ப்பதும் இத்தகைய ஈர்ப்பினால்தான். விளக்கை அணைப்பதே அவற்றுக்கும் வீட்டாருக்கும் நல்லது. மருந்தடித்துக் கொல்வது வீண் கொடுமை.

மலைத்தேனீயே பாதி விதிவிலக்கு. பெரிய உடலும் சற்றே பெரிய கண்ணும் கொண்ட அது, அரைநிலவுக்கு மேல் வெளிச்சம் இருந்தால் இரவிலும் பூத்தேடிப் போகும். முழு விதிவிலக்கு, தரங்கம்பாடியின் பெயர் தாங்கிய சைலோகோப்பா டிராங்குபாரிக்கா என்னும் தச்சுத் தேனீ. மேற்குத் தொடர்ச்சி மலையில் பீமாசங்கர் பகுதியில் ஹேமா சோமநாதனும் சக ஆய்வாளர்களும் அதைக் கவனித்து, நட்சத்திர ஒளியில்கூட அது நிறங்களை அடையாளம் கண்டு கூடு திரும்புவதை 2008-இல் வெளியிட்டனர். அதன் கண்ணும் அடிப்படையில் தேனீயின் கண் போன்றதே. ஆனால் வில்லைகள் ஏறத்தாழ இருமடங்கு அகலம். ஒளி உணரும் தண்டுகளும் தடித்தவை. தலையுச்சியில் உள்ள மூன்று தனிக்கண்களும் மிகப் பெரியவை.