நிகாஹ் நடந்தது, பதிவு நடக்கவில்லை: ஸ்டூடன்ட் வீசாவும் லண்டன் மாப்பிள்ளையும்

நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு கிழமை இருக்கும். இங்கிலாந்திலிருந்து ஒரு வாட்ஸ்அப் அழைப்பு வந்தது. என்னிடம் உயர்தரம் படித்த பிள்ளை. முதுமாணிப் படிப்புக்காக ஸ்டூடன்ட் வீசாவில் போனவள். சலாம் சொல்லி, சுகம் விசாரித்துவிட்டுக் கேட்டாள்: "டீச்சர், எனக்கு நிகாஹ் நடந்ததா, இல்லையா?"

நடந்தது எனக்கே தெரியும். படம் அனுப்பியிருந்தாள். மாப்பிள்ளை அங்கே பிறந்த பிரித்தானியப் பிரஜை, தூரத்துச் சொந்தம். வலியின் ஒப்புதல், இரண்டு சாட்சிகள், மஹர், ஓதிவைத்த மௌலவி, பிரியாணி என்று மாமி வீட்டு வரவேற்பறையில் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. அதற்குப் பிறகு 11 மாதம் கழிந்திருந்தது. ஸ்டூடன்ட் வீசா முடிய 77 நாட்கள் இருந்தன. அதை ஸ்பௌஸ் வீசாவாக மாற்ற விண்ணப்பிக்கப் போனபோது, "திருமணச் சான்றிதழ் எங்கே?" என்று கேட்டிருக்கிறார்கள். அப்படியொன்று அவளிடம் இல்லை.

நான் சட்டத்தரணி அல்ல, ஆசிரியர். ஆனால் அவளுக்குப் பதில் சொல்வதற்காக வாசித்தவை, பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் எல்லாப் பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை என்று பட்டதால் எழுதுகிறேன்.

முதலில் நம் பழக்கத்தைப் பார்ப்போம். இலங்கையில் நிகாஹும் பதிவும் பெரும்பாலும் ஒரே பாயில் முடிகின்றன. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி பதிவாளர் புத்தகத்தோடு வருகிறார். வலியும் மாப்பிள்ளையும் கையெழுத்து வைக்கிறார்கள். மணமகளின் கையெழுத்தைச் சட்டம் கட்டாயமாகக் கேட்பதில்லை. பதிவு செய்யாவிட்டாலும் அந்த ஒரு காரணத்துக்காக நிகாஹ் செல்லாமல் போவதில்லை. இந்த ஏற்பாட்டுக்குப் பழகிய நாம், நிகாஹ் என்றால் உலகம் முழுவதும் கல்யாணம்தான் என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறுகிறோம்.

இங்கிலாந்தில் அப்படி அல்ல. அங்கே 1949ஆம் ஆண்டின் திருமணச் சட்டம் ஆள்கிறது. மணமகன், மணமகள் இருவரும் பதிவு அலுவலகத்தில் நேரில் போய் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். அதிலிருந்து குறைந்தது 28 நாட்கள் காத்திருக்க வேண்டும். ஒருவர் வெளிநாட்டவராக இருந்து, வீசாவுக்காகச் செய்யும் போலிக் கல்யாணமோ என்று உள்துறை அமைச்சு சந்தேகித்தால் அந்தக் காலம் 70 நாட்கள் வரை நீளலாம். பதிவு பெற்ற பள்ளிவாசலில், இந்த நடைமுறைகளைப் பின்பற்றி நிகாஹ் செய்தால் அதுவே சட்டப்படியும் திருமணமாகிவிடும். ஆனால் வீட்டு வரவேற்பறையில் ஓதி முடிப்பதை அந்தச் சட்டம் திருமணமாக எண்ணுவதில்லை.

இது வெறும் அலுவலகக் கெடுபிடி அல்ல என்பதற்கு 'அக்தர் எதிர் கான்' வழக்கு சாட்சி. 1998இல் லண்டனில் ஓர் உணவகத்தில், இமாம் முன்னிலையில், விருந்தாளிகள் சூழ நிகாஹ் செய்த தம்பதி அவர்கள். நான்கு பிள்ளைகள். பதிவுத் திருமணமும் செய்வோம் என்று மனைவி கேட்டுக்கொண்டே இருந்தார், அது நடக்கவில்லை. 2016இல் அவர் விவாகரத்துக் கேட்டு நீதிமன்றம் போனபோது, சட்டப்படி கல்யாணமே நடக்கவில்லை என்று கணவர் தரப்பு வாதிட்டது. 2020 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதையே ஏற்றது. கல்யாணமே இல்லையென்றால், மனைவி என்ற முறையில் சொத்தில் பங்கு கேட்கவும் வழியில்லை.

இப்போது வீசாவுக்கு வருவோம். ஸ்டூடன்ட் வீசாவில் இருப்பவர் நாடு திரும்பாமல் அங்கிருந்தே ஸ்பௌஸ் வீசாவுக்கு மாறலாம். விசிட் வீசாவில் போனவருக்கு அந்த வசதி இல்லை. மாறுவதற்கு நான்கு விடயங்கள் முக்கியம்: சட்டம் ஏற்கும் திருமணம், உண்மையான குடும்ப வாழ்க்கைக்கு ஆதாரம், ஆங்கில அறிவு, வருமானம். அங்கே பட்டம் பெற்றவருக்கு ஆங்கிலம் பிரச்சினையாகாது. வருமானம்தான் பல குடும்பங்களைத் திணறடிக்கிறது. 2012 முதல் வருடத்துக்கு 18,600 பவுண்டாக இருந்த எல்லையை 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 பவுண்டாக உயர்த்திவிட்டார்கள். நம் கணக்கில் ஒரு கோடி ரூபாவுக்கு மேல். சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500 பவுண்ட் தேவை.

இந்த இடத்தில் நம்மவர் பலர் கவனிக்காத ஒரு விடயம் இருக்கிறது. இலங்கையிலிருந்து ஸ்பௌஸ் வீசாவுக்கு விண்ணப்பித்தால், உழைப்பு என்ற வகையில் அங்குள்ள கணவனின் வருமானம் மட்டுமே கணக்கில் வரும். அங்கிருந்தபடியே மாறினால், சட்டப்படி வேலை செய்யும் மனைவியின் சம்பளத்தையும் சேர்க்கலாம். மாணவி தவணைக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் செய்யும் வேலையும் அதில் அடங்கும். என் மாணவியின் விடயத்தில் கணவனின் சம்பளம் 29,000ஐத் தொடவில்லை. பராமரிப்பு இல்லமொன்றில் ஒரு வருடமாக அவள் பார்த்துவந்த பகுதிநேர வேலைதான் குறையை நிரப்பியது. "மருமகளுக்கு நாங்கள்தான் வீசா எடுத்துக் கொடுக்கிறோம்" என்ற பேச்சு அந்த வீட்டில் இருந்தது. கணக்குப் பார்த்தால் தன் வீசாவில் ஒரு பகுதியை அவளே உழைத்து எடுக்கிறாள்.

செலவும் லேசானது அல்ல. விண்ணப்பக் கட்டணம் 1,300 பவுண்டுக்கு மேல். சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 1,035 பவுண்ட். இரண்டரை வருட வீசாவுக்கு அது மட்டும் 2,587 பவுண்டைத் தாண்டும். இன்னோர் இரண்டரை வருடத்துக்கு மீண்டும் இதே செலவு. ஐந்து வருடம் நிறைந்த பிறகுதான் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். கையிலிருக்கும் வீசா முடியும் முன்பு விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய நிபந்தனைகளோடு அங்கே இருக்கலாம். இடையில் உம்மாவைப் பார்க்க ஊருக்கு வந்தால் அந்த விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும்.

பதிவுச் சான்றிதழ் இல்லாத தம்பதிக்கு வேறு வழியே இல்லையா? இருக்கிறது. கல்யாணம் செய்யாமல் இணைந்து வாழும் துணைவர்களுக்கும் இந்த வீசா உண்டு. குறைந்தது இரண்டு வருடம் கணவன் மனைவி போன்ற உறவில் இருந்ததைக் காட்ட வேண்டும். அதாவது, மஹர் கொடுத்து நிகாஹ் செய்த நம் பிள்ளை, 'கல்யாணமாகாத துணைவி' என்ற வரிசையில் நின்று வீசா கேட்க வேண்டும். என் மாணவிக்கு 11 மாதம்தான் ஆகியிருந்தது. அந்த வழியும் திறக்கவில்லை.

நான் அவளிடம் கேட்டேன்: "ஏன் மகள், இவ்வளவு நாளும் பதிவு செய்யவில்லை?"

"கேட்டேன் டீச்சர். பிறகு பார்ப்போம் என்றார்கள். மாமி சொன்னார், நிகாஹ்தானே பெரிது, காகிதம் எதற்கு என்று."

அந்த மாமி கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த 'காகிதம்' இல்லாதபோது வீட்டில் யார் கை ஓங்குகிறது என்று யோசிக்க வேண்டும். வீசா முடியும் நாளை எண்ணிக்கொண்டிருப்பவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசுவாளா? ஸ்பௌஸ் வீசாவில் இருப்பவர் கணவனின் கொடுமையால் பிரிய நேர்ந்தால், அதைக் காட்டி நிரந்தர வதிவிடம் கேட்க அந்நாட்டுச் சட்டத்தில் தனி ஏற்பாடு உண்டு. ஸ்டூடன்ட் வீசாவில் இருந்துகொண்டு நிகாஹ் மட்டும் செய்தவளுக்கு அந்தக் கதவு இல்லை. எந்தப் பெண்ணுக்குப் பாதுகாப்பு அதிகம் தேவையோ, அவளிடம்தான் காகிதம் இல்லாமல் போகிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. "ஸ்டூடன்ட் வீசாவில் போ, அங்கே ஒரு பாஸ்போர்ட் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஆலோசனை சொல்லும் தரகர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். வீசாவுக்காகக் கல்யாணம் செய்வதும், கல்யாணத்தைக் காட்டி அரசாங்கத்தை ஏமாற்றுவதும் ஒன்றுதான். பிடிபட்டால் 10 வருடத் தடை வரலாம். அதைவிட, இப்படிப் போகும் சிலரால்தான் உண்மையாக வாழப் போகும் பிள்ளைகளும் சந்தேகக் கண்ணோடு விசாரிக்கப்படுகிறார்கள்.

பெற்றோர் செய்யக்கூடியது பெரிய காரியமல்ல. சம்பந்தம் பேசும்போது மஹர் எவ்வளவு என்று கேட்பது போல, பதிவு எப்போது, எங்கே என்றும் கேளுங்கள். திகதி வாங்காமல் ஒப்புதல் கொடுக்காதீர்கள். பிள்ளை விடுமுறையில் ஊருக்கு வரும்போது இங்கேயே நிகாஹ் செய்து, முறையாகப் பதிந்து, சான்றிதழை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கையில் கொடுத்தனுப்பலாம். இங்கே சட்டப்படி நடந்த திருமணத்தை அங்கே ஏற்பார்கள். அங்கேதான் நிகாஹ் என்றால், முதலில் பதிவு அலுவலகம், பிறகு வரவேற்பறை. நிகாஹ் ஓதிவைக்கும் மௌலவிமாரும் பதிவுச் சான்றிதழைப் பார்க்காமல் ஓதிவைப்பதில்லை என்று முடிவெடுத்தால், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

என் மாணவியின் கேள்விக்கு நான் சொன்ன பதில் இது: "அல்லாஹ்விடம் நடந்தது மகள். அந்த நாட்டின் புத்தகத்தில் இன்னும் நடக்கவில்லை. இரண்டும் உனக்கு வேண்டும்." அடுத்த நாளே அவள் பதிவு அலுவலகத்தில் நேரம் ஒதுக்கி, திகதியைக் கணவனுக்கு அனுப்பினாள். முணுமுணுத்துக்கொண்டாவது அவர் போனார். 28 நாட்களில் முன்னறிவித்தல் முடிந்து, 40ஆம் நாள் பதிவும் நடந்தது. வீசா முடிய மூன்று கிழமை இருக்கும்போது விண்ணப்பத்தை அனுப்பினார்கள்.

பதிவன்று எடுத்த படத்தை எனக்கு அனுப்பியிருந்தாள். நிகாஹ் படத்தைப் போல அதில் அலங்காரம் எதுவும் இல்லை. ஒரு மேசை, ஒரு பேனை, குனிந்து கையெழுத்து வைக்கும் அவள். அவருக்குப் போக மனம் வந்தது. எல்லா மாப்பிள்ளைக்கும் வரும் என்று நம்பி ஒரு பிள்ளையை நாம் விமானம் ஏற்றக் கூடாது.