மொட்டை மாடித் தட்டும் கூடத்துப் பெட்டியும்

சென்ற பொங்கலன்று நம் வீட்டுக் கூடத்தில் ஒரு புதிய டெலிவிஷன் வந்து அமர்ந்தது. பழையதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு அகலம். அன்று மாலை குடும்பத்தார் அனைவரும் அதன் முன் கூடினோம். தமிழ்ச் செய்தி ஆரம்பமாயிற்று. ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு வீட்டுப் பாட்டியார் சொன்னார்: "பழைய பெட்டியிலே செய்தி வாசிக்கிற பெண்ணுக்கு மூக்கு இருந்தது. இதிலே அதைக் காணோமே!"

பாட்டியார் சொன்னது பரிகாசமல்ல, வாஸ்தவம். படம் பெரிதாயிற்றே ஒழியத் தெளிவாகவில்லை. இரண்டு பேருக்கு வைத்த ரஸத்தில் தண்ணீரை விட்டுப் பத்துப் பேருக்குப் பரிமாறினாற் போலிருந்தது.

கடைக்காரர் மீது நமக்கு வந்த கோபம் நியாயமானதல்ல என்று பிறகு தெரிந்தது. நம் நாட்டில் பழைய முறையில் வரும் படத்துக்கு 576 வரிகள். வரிக்கு 720 புள்ளிகள். ஆக மொத்தம் 4,14,720 புள்ளிகள். எச்.டி. என்னும் உயர் தெளிவுப் படத்துக்கோ 1,080 வரிகள். வரிக்கு 1,920 புள்ளிகள். பெருக்கிப் பார்த்தால் 20,73,600. சரியாக ஐந்து மடங்கு! நம் புதிய டெலிவிஷன் இருபது லட்சம் புள்ளிகளுக்கு இடம் போட்டு வைத்திருக்கிறது. பழைய செட்டாப் பாக்ஸோ நாலு லட்சத்தைத்தான் அனுப்புகிறது. மிச்சத்தை டெலிவிஷன் தானே ஊகம் செய்து நிரப்பிக்கொள்ள வேண்டும். அந்த ஊகத்தில் காணாமற் போனதுதான் பாட்டியார் தேடிய மூக்கு.

நாம் சந்தா கட்டும் நிறுவனத்துக்குச் சொல்லியனுப்பினோம். ஒருவர் வந்தார். மொட்டை மாடிக்கு ஏறினார், தட்டைப் பார்த்தார், தலையை ஆட்டினார். "டிஷ், அதன் முன்னால் இருக்கிற எல்.என்.பி., கேபிள், பாக்ஸ் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும், ஸார்" என்றார். அச்சமயம் என்ஜினீயரிங் கல்லூரியில் வாசிக்கும் அண்டை வீட்டுப் பிள்ளையாண்டான் அங்கே இருந்தது நம் அதிர்ஷ்டம். அவன் பணிவாக ஒரு கேள்வி கேட்டான்: "டிஷ்ஷுக்கு எழுத்து வாசிக்கத் தெரியுமா, அண்ணா?"

வந்தவர் சிரித்துவிட்டார். விஷயம் இவ்வளவுதான். தட்டின் வேலை ஆகாயத்திலிருந்து வரும் அலைகளைத் திரட்டிக் கொடுப்பது. தாழ்வாரத்தில் மழைநீருக்கு வைக்கும் அண்டாவைப் போல. வருவது பழைய படமா, தெளிவான படமா என்று அதற்குத் தெரியாது. அதைப் பிரித்து வாசிப்பது கீழே கூடத்திலிருக்கும் பெட்டிதான். ஆகையால் அதே செயற்கைக்கோளிலிருந்து எச்.டி. பெறப் பெட்டியை மாற்றினால் பெரும்பாலும் போதும். தட்டு துருப்பிடித்து வளைந்திருந்தாலோ, இரண்டு அறைகளில் தனித்தனியே பார்க்க விரும்பினாலோ, நிறுவனம் வேறு செயற்கைக்கோளுக்குப் போய்விட்டாலோதான் மேலே ஏறிக் கைவைக்க வேண்டியிருக்கும். இந்த மூன்றாவது அபூர்வமானாலும் நடந்திருக்கிறது. 2010 ஜூலையில் இன்ஸாட்-4பி செயற்கைக்கோளில் மின்சாரக் கோளாறு ஏற்பட்டு, அதன் வேலையில் பாதி நின்றுபோயிற்று. அப்போது அதை நம்பியிருந்த ஒரு நிறுவனம் சந்தாதாரர்களை வேறொரு செயற்கைக்கோளுக்குத் திருப்ப நேர்ந்தது.

புதிய பெட்டி வந்தது. பணமும் கொடுத்தாயிற்று. ஆனால் மூக்கு வரவில்லை! மறுபடியும் பிள்ளையாண்டானே வந்து பார்த்தான். இரண்டு காரணங்கள். புதிய பெட்டியைப் பழைய சிவப்பு, மஞ்சள், வெள்ளைக் கம்பியால் இணைத்திருந்தார்கள். அந்த வழியாகத் தெளிவான படம் வரவே வராது. எச்.டி.எம்.ஐ. கம்பி பெட்டியின் அட்டைக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. இரண்டாவது, எச்.டி. சானலுக்கு எண்ணும் வேறு, சந்தாவும் வேறு. நாமோ வழக்கமான எண்ணையே அமுக்கிக்கொண்டிருந்தோம். இரண்டையும் சரி செய்ததும் பாட்டியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "மூக்கு மட்டுமில்லை, மூக்குத்தியும் தெரிகிறது" என்று தீர்ப்புச் சொன்னார்.

மூக்குத்தி பார்ப்பதற்காகவா இவ்வளவு செலவு என்று சிக்கன புத்தியுள்ள நேயர்கள் கேட்கலாம். புயல் காலத்தை நினைத்துப் பாருங்கள். எந்தத் தாலுகாவில் கனமழை, எந்த ஏரி திறக்கப்படுகிறது என்பதெல்லாம் திரையின் அடியில் சிறு எழுத்தில் ஓடுகிறது. காது மந்தமான பெரியவர்களுக்கு அந்த எழுத்துத்தான் செய்தி. 1975 ஆகஸ்டு 15-ல் சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் தொடங்கியது. அது பின்னர் 'பொதிகை'யாகி, 2024 ஜனவரியில் 'டிடி தமிழ்' ஆயிற்று. அன்று ஊர்க் கோபுரத்திலிருந்து வந்த செய்தி, தட்டு வைத்த வீட்டுக்கு இன்று 35,786 கிலோமீட்டர் உயரம் ஏறி இறங்கி வருகிறது. அவ்வளவு தூரம் பிரயாணம் செய்த சொந்த ஊர்ச் செய்தி, கடைசிப் பத்தடியில் மங்கிப்போவது பரிதாபமல்லவா?

ஆனால் தெளிவுக்கு விலை உண்டு. 2019-ல் நடைமுறைக்கு வந்த கட்டண விதிகளில் ஒரு எச்.டி. சானல் இரண்டு சாதாரணச் சானல்களாகக் கணக்கிடப்பட்டது. மாதச் சந்தா கட்ட இயலாதவர்களுக்காக 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் இலவசச் சேவை ஒன்றைத் துவக்கியது. அதிலும் எம்பெக்-2 என்னும் பழைய முறையை மட்டும் அறிந்த பெட்டி, எம்பெக்-4 என்னும் புதிய முறையில் வருவதை வாசிக்காது. புதிய முறை நல்லதே; குறைந்த இடத்தில் அதிகப் படத்தை அடக்குகிறது. எனினும் ஏழை வீட்டுப் பெட்டியை ஒரே நாளில் ஊமையாக்காமல் மாற வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. பால்காரரை மாற்றினால் பால் சொம்பையும் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் சும்மா இருப்போமா? செட்டாப் பாக்ஸ் விஷயத்தில் அப்படித்தான் இருந்து வருகிறோம். ஒரு நிறுவனத்தின் பெட்டி இன்னொன்றின் ஒளிபரப்புக்கு உதவாது. எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான பெட்டி வேண்டும் என்று 2020 ஏப்ரலிலேயே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் சிபாரிசு செய்தது. செயற்கைக்கோள் அலையை நேரே வாங்கக்கூடிய டெலிவிஷன்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-ல் தர விதி வகுத்தது. சிபாரிசும் விதியும் காகிதத்தில் அழகாகவே இருக்கின்றன. அவை கூடத்துக்கு வந்து சேரும்படி சர்க்கார் செய்யவேண்டும். நேயர்களும் விடாமல் கேட்கவேண்டும்.

நம் வீட்டுப் பழைய பெட்டி பரணில் இருக்கிறது. பழுது ஒன்றுமில்லை. யாருக்காவது கொடுத்துவிடலாமே என்று பாட்டியார் இரண்டு முறை கேட்டுவிட்டார். எதிர்வீட்டாருக்கு வேறு நிறுவனத்துச் சந்தா. அவர்களுக்கு அது பயன்படாது. போன வாரம் பழைய பாத்திரக்காரர் வந்தபோது எடுத்துக் காட்டினோம். கையில் வாங்கி எடை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.