காசு குடுத்து ஈரத்தை விரட்டுறீங்க, காசு குடுத்து ஈரத்தை வாங்குறீங்க

நிலக்கோட்டைப் பக்கம் ஒன்றரை ஏக்கர்ல மல்லி வச்சிருக்கிறவன் நான். மெட்ராஸ்ல வீட்டுக்குள்ள வளர்ற செடியைப் பத்தி உனக்கென்னய்யா பேச்சுன்னு கேப்பீங்க. நியாயம்தான். ஆனா சித்திரையில மக வீட்டுல நாலு நாள் தங்கிட்டு வந்ததுல இருந்து மனசு ஆறலை. எழுதிடுறேன்.

மக ஒரு ஆர்க்கிட் வச்சிருக்கா. ஃபலனாப்சிஸ்னு சொல்றாங்களே, அகல இலையும் நீளக் காம்புல வரிசையா பூவுமா இருக்குமே, அது. காம்பு கிளம்பி ஏழு மொக்கு வச்சிருந்துச்சு. நான் போன அன்னைக்குக் காலையில ஒரு மொக்கு மஞ்சளாகிக் கீழ கிடந்துச்சு. மறுநாள் இன்னொண்ணு. அதைக் கையில எடுத்துப் பாத்துட்டு அவ சொன்னா: "என் கை ராசி அப்படிப்பா. எது வச்சாலும் நிக்காது."

எனக்குச் சுருக்குன்னுச்சு. ஏழு வயசுல எங்கூடப் பனியில நின்னு மல்லி பறிச்ச பிள்ளை. அவ கையில என்ன குறை?

செடியைச் சுத்திப் பாத்தேன். படுக்கையறையில ஜன்னலோரம் இருக்கு. நேர் மேல ஏசி. பக்கத்துல புஸ்புஸ்னு புகை விடுற ஒரு மெஷின், ஹியூமிடிஃபையராம், 2,800 ரூபாயாம். மூணு லிட்டர் தண்ணி பிடிக்கும். அதுபோக ஸ்ப்ரே பாட்டில் ஒண்ணு, காலையும் சாயந்தரமும் அடிக்க. எல்லாம் செடிக்கு ஈரக்காத்து வேணுமேன்னு வாங்குனது.

அன்னைக்கு ராத்திரி பத்து மணிக்கு ஏசியில இருந்து தண்ணி சொட்டுற குழாய்க்கு அடியில ஒரு வாளியை வச்சேன். காலையில அரை வாளி நிறைஞ்சிருந்துச்சு. எட்டு லிட்டருக்குக் குறையாது. மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"மாப்பிள்ளை, கோவிச்சுக்கக் கூடாது. இது எங்கிருந்து வந்த தண்ணி?"

"ஏசி தண்ணி மாமா."

"ஏசிக்கு யாரு தண்ணி ஊத்துனா?"

அவர் கொஞ்சம் யோசிச்சார். அப்புறம் சிரிச்சுட்டார். அந்தத் தண்ணி அறையில இருந்த காத்தோட ஈரம். ஏசிக்குள்ள இருக்கிற குளிர்ந்த குழாய்ல காத்து பட்டதும், ஐஸ் தண்ணி சொம்புக்கு வெளிய வேர்க்கிற மாதிரி வேர்த்து, வெளிய சொட்டுது. காத்தைக் காய வைக்கிறதுக்கும் சேத்துத்தான் கரண்டு பில்லு. மெஷின் விடுற மூணு லிட்டரும் அதே வழியாத்தான் வெளிய போகுது. இது ஓட்டை வாளியில தண்ணி இறைக்கிற வேலை. மெட்ராஸ்ல கடல்காத்து சும்மாவே ஈரத்தைக் கொண்டுவந்து வாசல்ல கொட்டுது. அதை விரட்டிட்டு, அதையே புட்டியில வாங்குறீங்க. இதை ஒரு செடிக்காரரும் உங்ககிட்டச் சொல்லலையா?

சில நூறு ரூபாய்ல காத்தோட ஈரத்தை அளக்கிற சின்ன மீட்டர் கிடைக்குது. வாங்கச் சொன்னேன். ஹால்ல 71 காட்டுச்சு. படுக்கையறையில ஏசி ரெண்டு மணி நேரம் ஓடின பிறகு 46. இந்தச் செடிக்கு 50-ல இருந்து 70 வரைக்கும் இருந்தா சுகம். ஸ்ப்ரே அடிச்சுப் பாத்தோம். மீட்டர் கொஞ்சம் ஏறுச்சு, கால் மணி நேரத்துல பழைய இடத்துக்கு வந்துருச்சு. அந்தத் தண்ணி காத்துல நிக்கலை, இலைக்கு நடுவுல குருத்துல போய்த் தேங்கி நிக்குது. தென்னை வச்சவனுக்குத் தெரியும், குருத்து அழுகினா மரம் போச்சு. இதுக்கும் அப்படித்தான்.

இன்னொரு விசயம். இது கத்தாழை, கள்ளி மாதிரி ராத்திரியில இலைத் துளையைத் திறந்து மூச்சு வாங்குற செடி. பகல்ல பொத்திக்கும். நீங்க பகல் முழுக்க ஆபீஸ் போயிட்டு ராத்திரிதான் ஏசி போடுறீங்க. அது வாயைத் திறக்கிற நேரம் பாத்துக் காஞ்ச காத்தை ஊதுறீங்க. தண்ணி பத்தலைன்னா தென்னை குரும்பையை உதிர்க்கிற மாதிரி, இது மொக்கை உதிர்க்குது. இதுல கை ராசி எங்க வந்துச்சு?

மொக்கு உதிர்றதுக்குக் காஞ்ச காத்து மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். பழுக்கிற வாழைப்பழத்தைப் பக்கத்துல வச்சா, அதுல இருந்து வர்ற வாயுவுக்கும் உதிரும். வெளிச்சம் பத்தாட்டியும் உதிரும். ஏசியே பாவம்னும் சொல்லலை. இந்தச் செடிக்குப் பூக்காம்பு கிளம்பக் கொஞ்சம் குளிர்ச்சி வேணும். மெட்ராஸ் வெக்கையில அந்தக் குளிர்ச்சியை ஏசிதான் குடுத்திருக்கும். ஆனா காம்பு வந்த பிறகும் அதே காத்துக்கு நேரா நிறுத்தி வைக்கிறது செடிக்கு ஆகாது.

நானும் யோக்கியன் இல்லை. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி அவ வச்சிருந்த முதல் ஆர்க்கிட்டைப் பாத்துட்டு, "செடி வாடுது, நல்லா தண்ணி ஊத்து தாயி"ன்னு சொன்னது நான்தான். மல்லிக்குப் பாத்தி கட்டுறவன் புத்தி. ஒரு மாசத்துல வேர் கொழகொழன்னு அழுகிப் போச்சு. அவ கை ராசின்னு நம்புறதுல பாதிப் பாவம் என்னுது.

எங்க தோப்புல ஒரு மாமரத்துல வாண்டா ஆர்க்கிட் ஒட்டிக்கிட்டு இருக்கு. நாங்க அதையும் புல்லுருவின்னுதான் நினைச்சோம். அது மரத்தோட சத்தை உறிஞ்சுறதில்லை. வேரைக் காத்துல தொங்கவிட்டு, மழையும் பனியும் பட்டதும் குடிச்சு, அப்புறம் காஞ்சு நிக்கும். ஃபலனாப்சிஸும் மரத்துல தொத்தி வளர்ற அதே சாதிதான். சேத்துல நிக்கவும் ஆகாது, வறண்ட காத்துல கிடக்கவும் ஆகாது. ஈரமும் வேணும், அந்த ஈரக்காத்து நகரவும் வேணும். அறையை அடைச்சு மெஷினைப் போட்டா பூவுல புள்ளி விழும்.

மக வீட்டுல செஞ்சது இவ்வளவுதான். செடியை ஹாலுக்கு, கிழக்கு ஜன்னலுக்கு மாத்தினோம். காலை வெயில் படும், காத்து வரும், ஏசி எட்டாது. கூட ரெண்டு செடியைச் சேத்து வச்சோம். தண்ணிக்குக் கணக்கு வேர்தான்: வெள்ளி மாதிரி வெளுத்திருந்தா ஊத்து, பச்சையா இருந்தா விடு. ஊத்துறதைக் காலையில ஊத்து, குருத்துல படாம ஊத்து. ஸ்ப்ரே பாட்டிலைக் கண்ணாடி துடைக்க எடுத்துக்கிட்டா. மெஷினை மாப்பிள்ளை பரண்ல ஏத்திட்டார்.

ஏழு மொக்குல மூணு போச்சு. மீதி நாலும் பூத்துருச்சுன்னு போன வாரம் படம் அனுப்பினா. கீழே ஒரு வரி: "வேர் இன்னைக்குப் பச்சைப்பா, தண்ணி ஊத்தலை."

செடி வளர்க்கத் தெரியலைன்னு உங்களை நீங்களே திட்டிக்கிறதுக்கு முன்னாடி, இன்னைக்கு ராத்திரி ஏசிக் குழாய்க்கு அடியில ஒரு வாளி வைங்க. கோடையில லாரித் தண்ணிக்குக் காத்துக்கிடக்கிற ஊரு உங்களுது. காலையில அதைக் கீழ கொட்டாம மாடித்தொட்டிக்காவது ஊத்துங்க. எத்தனை லிட்டர்னு எனக்கும் எழுதுங்க.

மும்முனை கரண்டு வந்துருச்சு. மோட்டார் போடணும், வரேன்.