மாத்திரை மேல் பழி

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வளைகாப்பு வீட்டில், செருப்புக்கூடப் போட முடியாமல் மச்சான் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கால் பெருவிரல் செக்கச்செவேலென்று வீங்கியிருந்தது. "யூரிக் ஆசிட் மாத்திரை ஆரம்பிச்ச மூணாவது வாரமே இப்படி ஆயிடுச்சு மாப்ளே. அட்டையோட குப்பையில போட்டுட்டேன்" என்றார். "நல்ல காரியம் செஞ்சீங்க" என்றார் அத்தை. சுற்றியிருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

மாத்திரையா வலியைக் கொண்டுவந்தது? ரத்தத்தில் யூரிக் ஆசிட் 6.8-ஐத் தாண்டி வருஷக்கணக்கில் நின்றால், மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படிகம் சேர்கிறது. அதனால் வருகிற மூட்டு வீக்கம்தான் கவுட். அலோபியூரினால் என்கிற அந்த மாத்திரை அளவை இறக்கும்போது அந்தப் படிகம் கரைந்து உதிர்கிறது. உதிர்ந்ததை உடம்பு எதிர்க்கிறது, மூட்டு வீங்குகிறது. இருபது வருஷம் சேர்த்து வைத்ததற்கு மூன்று வார மாத்திரை மேல் பழி!

என் சித்தப்பாவைப் பாருங்கள். ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள், பயிரிடுகிறவர். யூரிக் ஆசிட் 9.4 இருந்தது. 100 மில்லிகிராமில் தொடங்கினார்கள். முதல் நான்கு மாதத்தில் இரண்டு முறை கால் வீங்கியது. அவர் நிறுத்தவில்லை. டாக்டர் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் பார்த்து 200, 300 என்று ஏற்றினார். வலிக்குக் காவலாக, ஆறு மாதம் சின்ன அளவில் கால்ச்சிசின். இன்று 5.3. மூன்று வருஷமாக வரப்பில் நடக்கிறார். அந்தக் கால்ச்சிசினே அவர் விற்கும் செங்காந்தள் விதையிலிருந்து எடுக்கிற மருந்துதான். நம் மாநில மலரில் இருக்கிற மருந்தை, "இங்கிலீஷ் மருந்து சூடு" என்று ஒதுக்குகிறார்கள்! (கிழங்கை யாரும் வாயில் வைத்துவிடாதீர்கள். உயிர் போய்விடும். மாத்திரையே டாக்டர் சொன்ன அளவைத் தாண்டினால் ஆபத்து.)

பிறகு பருப்பு, தக்காளி. கவுட் வந்த வீட்டில் முதலில் நிற்பது சாம்பார். அமெரிக்காவில் 47,000 ஆண்களை 12 வருஷம் கவனித்து 2004-லேயே சொல்லிவிட்டார்கள்: இறைச்சியும் மீனும் கவுட்டைக் கூட்டுகின்றன, பருப்பு கூட்டவில்லை. பீரை நிறுத்துங்கள், ஈரலை நிறுத்துங்கள், சரி. ஆனால் சாப்பாட்டைக் கட்டுப்படுத்திப் பெரும்பாலோருக்கு இறங்குவது ஒரு புள்ளி. 9.4-ஐ 6-க்குக் கீழே கொண்டுவர அது போதாது. சித்தப்பா தினமும் பருப்புக் குழம்புதான் சாப்பிடுகிறார்.

மாத்திரையைத் தூக்கி எறிந்த கை அடுத்து நீள்வது மெடிக்கலுக்கு. சீட்டு இல்லாமல் டைக்ளோஃபினாக் என்கிற வலி மாத்திரை கிடைக்கிறது. யூரிக் ஆசிட்டில் பெரும்பகுதியை வெளியேற்றுவது சிறுநீரகம். அதைக் கெடுக்கிற மாத்திரையை மிட்டாய்போல் விழுங்குகிறார்கள். 1966-லிருந்து புழக்கத்தில் இருக்கிற அலோபியூரினாலுக்கு மட்டும் பயம். தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அதை உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், அது உண்மை. கால் வீங்கியதற்காக நிறுத்தக் கூடாது.

டாக்டர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. "முதல் சில மாதம் வலி வரலாம், விட்டுவிடாதீர்கள்" என்று சொல்ல அரை நிமிஷம் ஆகுமா? மச்சானுக்கு யாரும் சொல்லவில்லை. காவல் மாத்திரையும் எழுதவில்லை. சித்தப்பாவுக்குச் சொன்னார்கள், அவர் நடக்கிறார்.

சித்தப்பாவின் நம்பரை மச்சானுக்கு அனுப்பியிருக்கிறேன். நான்கு நாளாகிறது, இன்னும் பேசவில்லை.